தாசம்மாளின் நடுத்துணி

ஒருவர் பாதியில் விட்டுவந்த கடமையை இன்னொருவர் செய்து முடிக்க முடியுமா? முடியும் என்றால், அது யார் செய்ததாக ஆகும்? கரமனையில் ஆற்றுக்குப் போகும் வழியில் ஒற்றை மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த தாசம்மாளை அறிந்தவர்கள், இந்தக் கேள்வியை இதே வார்த்தைகளில் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். பட்டாளத்திலிருந்து ஓடிவந்த ஒருவரின் மனைவி அவர். ஏழெட்டு வருடம், பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு மரியாதை செய்யவென்று ஒட்டுப்போர்வைகள் தைத்தார். பிராயச்சித்தம் என்றார்கள் சிலர். ஊர்வாயை அடைக்க என்றார்கள் வேறு சிலர். இரண்டு விளக்கமும் சுலபமாகக் கைக்கு வருகின்றன. அதனாலேயே இரண்டையும் நம்பத் தயக்கமாக இருக்கிறது.

கணவர் ராஜையன் பாறசாலைக்குத் தெற்கே, மாநில எல்லையோரத்துக் கிராமத்தில் பிறந்தவர். பாங்கோடு ராணுவ முகாமில் ஆளெடுத்தபோது போய் வரிசையில் நின்று சேர்ந்தார். எழுபத்தொன்றாம் வருடப் போரின்போது மேற்கு எல்லையில் இருந்தார். போர் முடிந்து ஒன்றரை வருடம் கழித்துக் கல்யாணத்துக்காக லீவில் வந்தார். லீவு முடிந்த அன்று, வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இருவரும் பஸ் ஏறித் தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சாயங்கால பஸ்ஸில் இருவரும் திரும்பி வந்தார்கள். பெட்டியும் வந்தது.

ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். புதுப்பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான் என்று ஊரில் பேசினார்கள். இல்லை, அவள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள் என்றும் பேசினார்கள். கொஞ்ச காலம் போலீஸ் தேடி வந்தது. களியக்காவிளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ராஜையன் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேடுவது நின்றுபோயிற்று. ஊரில் இருக்க மனமில்லாமல் இருவரும் நகரத்தில் கரமனைக்கு வந்தார்கள். ஆரியசாலையில் திருநெல்வேலிக்காரர் ஒருவருடைய மொத்தத் துணிக்கடையில் ராஜையனுக்கு மூட்டை கட்டும் வேலை கிடைத்தது. தாசம்மாள் மிஷின் போட்டார். ஷீனா என்று ஒரு மகள் பிறந்து, படித்து, நெய்யாற்றின்கரையில் வாழ்க்கைப்பட்டாள். கரமனையில் யாருக்கும் ராஜையனின் பழைய கதை தெரியாது. ஆள் நிமிர்ந்து நடப்பார். துணியை மடித்தால் விளிம்போடு விளிம்பு கத்தி வைத்ததுபோல் இருக்கும். அவ்வளவுதான் அவரைப் பற்றித் தெரிந்தது.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் வந்தது. டி.வி.யில் கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக இறங்கின. தாசம்மாள் போகும் சர்ச்சின் பெண்கள் சங்கத்தில், ஏதாவது செய்யவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. அப்போது அமெரிக்காவில் நர்ஸாக இருந்த ரோஸ் என்பவர் லீவில் வந்திருந்தார். அங்கே பெண்கள் கூடி, யுத்தத்துக்குப் போய்வந்தவர்களுக்கென்று போர்வை தைத்து, அவர்கள் தோளில் தாங்களே போர்த்திவிடுகிறார்கள் என்று சொல்லி, ஒரு புத்தகத்திலிருந்த படங்களைக் காட்டினார். பூவும் நட்சத்திரமும் வைத்த பழைய மாதிரிகள் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வெளி. அதன் ஒரு மூலையில் மட்டும் நாலைந்து பட்டைகள், ஒன்றுக்கொன்று நீளம் ஒவ்வாமல்.

அடுத்த தெருவிலிருந்து தையலுக்கு உதவிக்கு வரும் உலகம்மை எட்டிப் பார்த்தார். "இது என்ன, துணி தீந்து போச்சா இவங்களுக்கு?"

"இதான் இப்போ மாடர்ன்" என்றார் ரோஸ்.

"இந்த ஊரு வேக்காட்டுல எவன் இத மேல பொதைச்சு மூடுவான்? பனியன் போட்டாலே நம்ம ஆளுகளுக்குப் பொறுக்காது."

பெண்கள் சிரித்தார்கள். தாசம்மாள் சிரிக்காமல் புத்தகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் தையல் வெளியே தெரியாமல் தைத்தவர் அவர். அந்தப் படத்தில் தையலை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. வெறும் துணியின் மேல் நூல் ஓடிய தடம் அப்படியே இருந்தது. அது சரியா தப்பா என்று அவருக்குத் தீர்மானிக்க முடியவில்லை. புத்தகத்தை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வேக்காட்டுக்கு அவரே வழி கண்டுபிடித்தார். மேலே ஒட்டுத்துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சுக்குப் பதிலாக மெல்லிய மல் துணி. மூன்றையும் சேர்த்துக் கையாலேயே ஓட்டுத்தையல். மேல்துணிக்கு ஆரியசாலைக் கடையில் ஒதுக்கிப்போட்ட வெட்டுத்துணிகளை ராஜையன் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். வாரந்தோறும் வேலை முடிந்து வந்தபின், ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, சிரட்டைக்கரி போட்ட பெரிய தேப்புப்பெட்டியால் தேய்த்துக் கொடுப்பதும் அவர் வேலையாயிற்று. ஒட்டுத்தையலில் மடிப்பு உட்காராவிட்டால் போர்வை முழுவதும் கோணிவிடும். அவர் தேய்த்த மடிப்பு கோணாது.

முதல் போர்வைகள் நன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. தாசம்மாளுக்கு இடத்தை வெறுமையாக விட்டுவைக்கத் தெரியவில்லை. ஒரு மூலையில் ஒரு நிறம் வைத்தால் எதிர்மூலையிலும் அதையே வைத்தார். பட்டாளம் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் கரும்பச்சையைப் போட்டார். ராஜையன்தான் அதை நிறுத்தியவர்.

"பச்சை வேண்டாம் பிள்ளே."

"பின்னே எந்த நிறம் போட? அவங்க நிறம் அதுதானே?"

"அதிலே கிடந்து மதியாயிருக்கும், போதும்னு ஆயிருக்கும் அவங்களுக்கு. வேற என்னமும் போடு."

பட்டாளத்தைப் பற்றி அந்த வீட்டில் அவர் பேசியது பெரும்பாலும் இப்படித் தேப்புப்பெட்டியின் மறுபக்கம் நின்று சொன்னவைதான்.

போர்வை தைத்து முடிந்ததும் நீளம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஆள் ராஜையன். ஒவ்வொரு போர்வையையும் அவர் தோளில் போட்டு, பின்னால் எவ்வளவு இறங்குகிறது, முன்னால் இரண்டு முனையும் சேருகின்றனவா என்று தாசம்மாள் பார்ப்பார். போர்வை தோளில் ஏறியவுடன் ராஜையனின் குதிகால்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். உலகம்மைக்கு அது பெரிய தமாஷ்.

"அண்ணாச்சி சலாம் அடிச்சிராதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஒருநாள் தாசம்மாள் "செரி, எடுங்க" என்று சொன்ன பிறகும் அவர் எடுக்கவில்லை.

"கொஞ்சம் நிக்கட்டா?"

"எதுக்கு?"

"சும்மா."

"வேர்க்கும்" என்று சொல்லித் தாசம்மாள் போர்வையை உருவிக்கொண்டார். உலகம்மை அதைப் பார்த்தார். ராஜையனுக்கும் ஒன்று வேண்டுமென்று ஆசை இருக்கிறது என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டதாக அவர் பிற்பாடு சொன்னார். ஏன் அவருக்கு ஆசை வரவேண்டும் என்பதுதான் உலகம்மைக்கு அன்று விளங்கவில்லை.

தைத்ததை யாருக்குக் கொடுப்பது? அந்தப் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு சின்ன சங்கம் இருந்தது. அதன் தலைவர் சேஷன், கரமனை அக்கிரகாரத்தில் பிறந்து, ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். போருக்குப் போய்வந்தவர்கள் இன்னார் இன்னார் என்று அவர்தான் சொல்லி, வீட்டுக்கு வீடு கூட்டிக்கொண்டு போனார். முதல் சில வீடுகளில் எல்லாம் சுமுகமாக நடந்தது. மாடம்மாள் வீட்டில்தான் வம்பு வந்தது.

மாடம்மாளின் கணவர் பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்து திரும்பியவர். பக்கவாதம் வந்து கைமனம் பகுதியில் வீட்டோடு படுக்கையில் கிடந்தார். பெண்கள் ஐந்தாறு பேர் செருப்பை வாசலில் விட்டு, பேச்சில்லாமல் உள்ளே போய்க் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தலை குனிந்து ஜெபித்தார்கள். தாசம்மாளும் உலகம்மையும் புத்தம்புதுப் போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கால்மாட்டிலிருந்து மெல்ல மேலே இழுத்து அவர் நெஞ்சு வரை மூடினார்கள். டீத் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்த மாடம்மாள் கண்டது அந்தக் காட்சியைத்தான். மல்லாந்து கிடக்கிற புருஷன், சுற்றித் தலைகுனிந்து நிற்கும் சனம், மேலே விழுகிற புதுத்துணி.

தட்டு கீழே விழுந்தது. "அட பாவிகளா! உயிரோட இருக்கப்பட்ட மனுஷனுக்குக் கோடி போடுதியளே!"

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். ஆள் போய்விட்டார் என்றே நினைத்து ஒரு கிழவர் வாசலிலேயே தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார். மாடம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழ, சேஷன் கையைப் பிசைந்துகொண்டு, "அப்படியெல்லாம் இல்லை அம்மா, இது மரியாதை, கௌரவம்" என்று சொல்லச் சொல்ல அழுகை கூடியது. கட்டிலில் கிடந்தவர் கோணின வாயால் ஏதோ சொன்னார். எல்லோரும் அமைதியானார்கள். மறுபடி சொன்னார்.

"சாயா எங்கே?"

அதற்கப்புறம் சிரிப்பு வந்தது. மாடம்மாளுக்கு வரவில்லை.

இந்தத் தப்பு வெளிநாட்டில் பழகிய ரோஸுக்கு நேர்ந்திருந்தால் மன்னிக்கலாம். இறந்த வீட்டில் சொந்தபந்தம் ஒவ்வொருவராக வந்து புதுத்துணி போர்த்துவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் தாசம்மாள். அவரே போர்த்தியிருக்கிறார். புத்தகத்துப் படத்தைப் பார்த்துத் தைத்த கை, ரோஸ் சொன்ன வழக்கத்தையும் யோசிக்காமல் செய்துவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டுப் போர்வையை எடுத்து மடித்தார். வாசல் வரை வந்த மாடம்மாள் கோபம் முழுவதும் தணியாமலே சொன்னார். "தாறதா இருந்தா பழசாக்கிட்டுத் தாருங்க. புதுசு வேண்டாம்."

கோபத்தில் சொன்னதைத் தாசம்மாள் யோசனையாக எடுத்துக்கொண்டார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வேட்டியைக் காட்டி, "அது ஆருக்க முண்டு?" என்று கேட்டார்.

"அவருக்கதுதான்."

"அதத் தருவியளா?"

வீட்டுக்கு வந்து போர்வையின் ஒரு பக்கத்தைப் பிரித்தார். நடுவில் இருந்த மல் துணியை உருவிப் போட்டுவிட்டு, அந்த நாயக் உடுத்துத் துவைத்து மெலிந்துபோன முண்டை இரண்டாக மடித்து வைத்துத் தைத்தார். பிறகு போர்வையை ஒருமுறை துவைத்து வெயிலில் போட்டார். மறுவாரம் நாயக்கைக் கட்டிலில் தூக்கி உட்காரவைத்து, மாடம்மாளையே தோளில் போர்த்தச் சொன்னார். மாடம்மாள் விளிம்பை விரலால் தடவி, உள்ளே இருக்கும் முண்டின் கரையைக் கண்டுபிடித்தார். "இப்போ செரி. இது இவருக்குள்ளது" என்றார்.

அதன்பின் தாசம்மாளின் முறை அதுதான். யாருக்குப் போர்வையோ அவர் உடுத்துப் பழகிய ஒரு துணி நடுவில் இருக்கவேண்டும். முண்டோ, கைலியோ, ஆள் இறந்திருந்தால் மனைவி வைத்திருக்கும் சட்டையோ. அது வராமல் ஊசி எடுக்கமாட்டார். படுத்திருப்பவர்மேல் போர்த்துவதில்லை. துவைக்காமல் கொடுப்பதில்லை. இந்த மூன்றிலும் பிடிவாதம். நடுத்துணியின் தடிமனும் மெலிவும் ஆளுக்கு ஆள் மாறியதால் மேல்தையலும் மாறவேண்டி வந்தது. மெலிந்த முண்டுக்கு நெருக்கித் தைத்தார். கெட்டிக் கைலிக்கு இடம்விட்டுத் தைத்தார். வெளியை வெளியாக விட அவர் கற்றுக்கொண்டது அப்படித்தான் என்று நினைக்கிறேன். இரண்டாயிரத்து இரண்டு, மூன்றில் தைத்தவற்றில் சில, உண்மையிலேயே நின்று பார்க்கத் தக்கவை. மணல்நிறத் துணி நெடுகப் பரந்து கிடக்க, விளிம்பை ஒட்டி ஒரே ஒரு செங்கல்நிறப் பட்டை இருக்கும். அதற்கு எதிர்மூலையில் ஒன்றும் இருக்காது.

பெயர் பரவியது. சேஷன் தாசம்மாள் வீட்டுக்கு வந்து ராஜையனோடு டீ குடிக்கும் அளவுக்குப் பழக்கமானார். ராஜையன் அவர் எதிரில் உட்கார மாட்டார். வேலை இருக்கிறதென்று நின்றுகொண்டே இருப்பார்.

இரண்டாயிரத்து நான்கில் சர்ச் ஹாலில் ஒரு கூட்டம் வைத்துச் சிலருக்குப் போர்வை கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பழைய ஹவில்தார், பாறசாலைப் பக்கத்துக்காரர், போர்வை அடுக்கின் அருகே நின்ற ராஜையனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்து மனைவி போர்வையை விரித்தபோது கையால் தடுத்தார்.

"ஏய், நீ ராஜையனில்லியா? டிரங்குப் பெட்டி ராஜையன்?"

ராஜையன் "ஆமா" என்றார்.

ஹவில்தார் எழுந்து நின்றார். "இந்தத் துணிக்குத் தேப்பு போட்டது இவனாக்கும்? லீவுல வந்தவன் பெண்டாட்டி மடியில ஒளிஞ்சு கிடந்தான். நாங்க அங்க கிடந்து செத்தோம். இவன் கை பட்ட துணி எனக்கு வேண்டாம்."

அடுத்திருந்த இருவர் தங்கள் தோளில் ஏற்கெனவே போர்த்தியிருந்ததை எடுத்து நாற்காலியில் வைத்தார்கள். தாசம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அடுக்கினார். ராஜையன் பாதியைத் தலையில் சுமந்துகொண்டார். இருவரும் ஆற்றோரப் பாதையாக நடந்தே வீடு சேர்ந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சேஷன் வந்தார். வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கப்படாது. நீங்க பண்றது பெரிய காரியம். அது நிக்கப்படாது. இவர் கை மட்டும் இதுல படவேண்டாம். அவ்வளவுதான். நான் எல்லார்கிட்டயும் பேசிக்கறேன்."

ராஜையன் தேப்புப்பெட்டியின் கரியை ஊதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அப்போ தேப்பு யாரு போடுவா?" என்று தாசம்மாள் கேட்டார். "நீங்க போடுவியளா சார்?"

"அம்மா, இது வேடிக்கைப் பேச்சில்லை."

"நானும் வேடிக்கைக்குச் சொல்லல்லே. வெட்டின துணி அவரு கொண்டு வந்தது. மடிப்பு அவரு போட்டது. அளவு அவருக்க தோளில பாத்தது. எதப் பிரிச்சு எடுக்கச் சொல்லுதிய?"

சேஷன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார். "ஏன் போகலைன்னு நீங்களாவது சொல்லலாமோன்னோ?"

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. இருவரும் சொல்லவில்லை.

தாசம்மாள் போர்வை தைப்பதை நிறுத்தினார். பள்ளிக்கூட யூனிபார்மும் ஜாக்கெட்டுமாக ஒரு வருடம் போயிற்று. சங்கத்தில் இதைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை. ஹாலில் போர்வையை எடுத்து வைத்த இருவரின் மனைவிமார், தாங்கள் கொடுத்த பழைய முண்டு போர்வைக்குள் போய்விட்டதே என்று முணுமுணுத்து, ஆளுக்கொரு நாளாக வந்து போர்வையை வாங்கிக்கொண்டு போனார்கள். மாடம்மாள் சங்கத்துக்கே வந்து சண்டை போட்டார். "எனக்க வீட்டுக்காரரு சாகிறது வரைக்கும் அதத்தான் பொதைச்சிருந்தாரு. அவருக்கு இல்லாத ரோஷம் உங்களுக்கு எங்கிருந்து வந்துது?"

கடைசியில் சேஷன் ஒரு முடிவோடு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"எல்லாரும் சேந்து பேசி முடிவு பண்ணியாச்சு. எழுபத்தொண்ணுல முன்னாடி நின்னவர்தானே இவரும். பின்னாடி நடந்தது நடந்தது. வர குடியரசு தினத்தன்னிக்கு ராஜையனையும் நாற்காலியில உக்காத்தி வெச்சு, எல்லார் முன்னாலயும் போர்த்திடறோம். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. அவருக்கும் ஒண்ணு தைச்சுடுங்கோ."

"ஹவில்தாரு?"

"தரதா இருந்தா தரட்டும், நான் வரமாட்டேன்னார். போகட்டும்."

ராஜையன் முதல்முறையாகச் சேஷனுக்கு எதிரே உட்கார்ந்தார். முகத்தில் ஏதோ இளகியது. தாசம்மாள், "அண்ணைக்கு வேற ஆருக்கெல்லாம்?" என்று மட்டும் கேட்டார்.

சேஷன் மூன்று பேரின் பெயரைச் சொன்னார். "இன்னொருத்தர் இருக்கார். பாவம், சர்ச் நடத்தற முதியோர் இல்லத்துல இருக்கார். பழைய சிப்பாய். சொந்தம்னு யாருமில்லை. அவருக்குக் குடுக்கணும்னு ரொம்ப நாளா நினைக்கறேன். உங்க முறைக்கு ஒத்துவராது. உடுத்திண்டிருக்கறதே இல்லத்துல தர துணி. வாராவாரம் மாறிடும். அவரோடதுன்னு பழைய முண்டு ஒண்ணும் கிடையாது."

"நடுத்துணி இல்லாம நான் தைக்கமாட்டேன் சார்."

"தெரியும். அதான் விட்டுட்டேன்."

மறுநாள் காலை தாசம்மாளின் மிஷின்மேல் ஒரு முண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. விளிம்போடு விளிம்பு சேர்ந்திருந்தது. ராஜையன் வேலைக்குப் போயிருந்தார். அவர் கேட்டது அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு மேலான குடும்ப வாழ்க்கையில், தனக்கென்று அவர் வாய்விட்டோ விடாமலோ கேட்டதாக உலகம்மைக்குத் தெரிந்தது அது ஒன்றே.

தாசம்மாள் முண்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விரித்து, நடுவில் வைத்து, நூலால் பிடித்தார். மேல்துணி முழுவதும் வெளிறின நீலம். பட்டை ஏதுமில்லை. குறுக்காக ஒரே ஒரு ஒட்டு மட்டும், அதுவும் அதே நீலத்தில், கொஞ்சம் அடர்த்தியாக. பார்ப்பவர்கள் முதலில் அதைக் கவனிக்கமாட்டார்கள். இதுவரை தைத்ததில் அதுதான் சிறந்தது. ராஜையன் அதற்குத் தேப்பு போட்டார். தன் முண்டு உள்ளே இருப்பது தெரிந்தே போட்டார். மடிப்பில் ஒருமுறைக்கு இருமுறை பெட்டியை ஓட்டினார். உலகம்மை கிண்டல் செய்யலாமென்று வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டார்.

அளவு பார்க்க மட்டும் தாசம்மாள் அவரைக் கூப்பிடவில்லை. "உங்க அளவு எனக்குத் தெரியாதா?" என்றார். ராஜையன் சிரித்தார்.

குடியரசு தினத்தன்று காலையில் ராஜையன் சவரம் செய்து, மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். ஹாலில் ஐந்து நாற்காலிகள். இல்லத்தில் இருந்த பழைய சிப்பாயும் வந்திருந்தார். அவருக்குப் போர்வை இல்லையென்றாலும் உட்காரவாவது வைக்கலாமென்று சேஷன் ஒரு நாற்காலி போட்டிருந்தார். அவருடைய சட்டை தோளில் பொருந்தாமல் சரிந்து கிடந்தது. யாருடைய அளவுக்கோ தைத்தது. என்ன நடக்கிறதென்று முழுதும் புரியாத பார்வையோடு, ஆனால் முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்று பேருக்கு மனைவியும் மகளுமாகப் போர்த்தினார்கள். கைத்தட்டல் அடங்கியதும் சேஷன் மைக்கில், "சிப்பாய் ராஜையன்" என்றார். அந்தச் சொல்லோடு தன் பெயரை ராஜையன் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் ஷீனா கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

தாசம்மாள் நீலப் போர்வையை எடுத்துக்கொண்டு வந்தார். ராஜையனின் நாற்காலிக்குப் பின்னால் வந்து ஒரு கணம் நின்றார். பிறகு அதைத் தாண்டிப்போய், கடைசி நாற்காலியில் இருந்த பழைய சிப்பாயின் தோளில் போர்வையைப் போட்டு, முன்முனைகளை இழுத்து அவர் கையில் பிடித்துக்கொள்ளக் கொடுத்தார்.

"அம்மா, அது ராஜையனுக்கு" என்றார் சேஷன், மைக்கை மூட மறந்து.

"இல்ல சார்" என்றார் தாசம்மாள். "இது இவருக்கு."

ராஜையனின் முண்டு உள்ளே இருந்த அந்தப் போர்வையின் இரண்டு முனைகளையும் கிழவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ராஜையன் நாற்காலியில் அப்படியே இருந்தார். கைகள் முழங்காலிலிருந்து நகரவில்லை.

இன்னொன்று தைத்துவிடலாம், துணி இருக்கிறது, முண்டும் வேறு இருக்கும் என்று அந்த வாரமே சேஷன் வந்து சொன்னார். வேண்டாம் என்றார் தாசம்மாள். ஷீனா கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டுக்கு வரவில்லை. உலகம்மை நேராகவும் சுற்றிவளைத்தும் கேட்டுப் பார்த்தார். மறு மாதம் வேறு போர்வைகள் தொடங்கின. ராஜையன் கரி ஊதினார், மடிப்பு போட்டார், தோளைக் கொடுத்தார். அதற்குப் பின் தைத்தவை எல்லாம் மற்றவர்களுக்குப் போயின. கணவருக்கென்று தாசம்மாள் ஒன்றுகூடத் தைக்கவில்லை. ஏன் என்று கடைசி வரை யாருக்கும் சொல்லவில்லை. ராஜையனுக்குச் சொன்னாரா என்பதும் தெரியாது.